இருபத்தெட்டு நொடி

ஸ்டூல் ஆடியது.

கல்மேசை மேல் வைத்து அவள் ஒரு விரலால்தான் தொட்டாள். அதற்கே டக், டக் என்று ஒரு கால் தூக்கி அடித்தது. இந்த ஸ்டூலை நம்பி ஏறி விளக்கு மாட்டப் போன ஒரு டீச்சர், இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மேனேஜர் ஸ்டூலைக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் ஒட்டிய சீட்டில் தேதி இருந்தது, மெஷின் எண் இருந்தது. மூன்றாம் மெஷின்.

மூன்றாம் மெஷின் ஆபரேட்டர் கதவோரம் நின்றார். சட்டையில் இரண்டாவது பட்டன் இல்லை.

தப்பு யார் மேல் என்று எழுதித் தரவேண்டியவள் அவள்தான். தரம் பார்க்கும் அதிகாரி. எழுதப்படுகிற ஆளுக்கு இன்றோடு வேலை போய்விடும்.

பிளாஸ்டிக்கை உருக்கி மோல்டுக்குள் விட்டதும், சுற்றிலும் தண்ணீர் ஓட ஓட, நாற்பது நொடி அது மூடியே கிடக்க வேண்டும். இந்த ஸ்டூல் வார்த்த அன்றைக்கு மெஷினில் பதிவாகியிருந்தது இருபத்தெட்டு. அரைகுறையாக ஆறினதை வெளியே இழுத்தால் அப்போதைக்கு அழகாகத்தான் நிற்கும். லாரி ஏறிய பிறகுதான் கோணிக்கொண்டு குணத்தைக் காட்டும்.

அதனால்தான் ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு இந்தக் கல்லில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று விதி. சூட்டில் எல்லா ஸ்டூலும் யோக்கியன்தான்.

"நீங்க பாத்தப்ப ஆடல இல்ல?" என்றார் மேனேஜர்.

"ஆடல சார்."

அது பொய்யில்லை. அவள் பார்த்தபோது ஆடவில்லை. தொட்டால் கை பொறுக்காத சூட்டில் அது சாதுவாக நின்றது. சோதனை அட்டையில் மறுநாள் தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டிருந்தாள், அவ்வளவுதான்.

லாரி போன தேதியை மேனேஜர் அந்த அட்டையோடு வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். ஆனால் அந்த லாரி அன்றைக்கே போகவேண்டும் என்று தலைகீழாக நின்றவரே அவர்தான். சில இடங்களில் கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்ததால்தான் அவர் மேனேஜர்.

அவள் பேனாவைத் திறந்தாள். ஆபரேட்டரின் முகத்தைப் பார்க்காமல், பட்டன் இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கூலிங் டயத்தக் குறைக்கச் சொன்னது யாரு? சொல்லுங்க."

அவர் காதுமடலைத் தேய்த்துக்கொண்டார். பொய் சொல்லப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"யாரும் சொல்லல மேடம். சீக்கிரம் முடியட்டும்னு நானாத்தான்."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி வந்ததற்காகத் தன் முகத்திலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கை எழுதிக்கொண்டே போனது. எழுத்துகூடக் கோணவில்லை.

"உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்றார் மேனேஜர். கையெழுத்து வாங்கிக்கொண்டு, காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பதும் பழமொழிதான். அது அவருக்கு நினைவு வரவில்லை.

அவருடைய ஷூ சத்தம் படிக்கட்டில் இறங்கி ஓயும்வரை இருவரும் அசையவில்லை.

"வண்டிச் சாவியக் குடு" என்றார் ஆபரேட்டர். "நீ சாயங்காலம் பஸ்ல வந்துடு. பாப்பாவ நான் கூட்டிட்டு வந்துடறேன்."

கல்யாணமாகி எட்டு வருடத்தில், ஃபேக்டரி கேட்டைத் தாண்டி உள்ளே வந்த பிறகு அவர் அவளை நீ என்று சொன்னது இதுதான் முதல் தடவை.

அவள் பைக்குள் துழாவினாள். சாவி அகப்படவில்லை.

ஸ்டூல் வார்த்த அன்றைக்குக் காலையில், வீட்டுச் சமையலறையில், அவர் பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தபடி அவள்தான் சொன்னாள். லாரி இன்னிக்கே கிளம்பிட்டா பிரமோஷனும் அந்தக் கண்ணாடி ரூமும் எனக்குத்தான்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இருபத்தெட்டுல வச்சு ஓட்டுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.

அவர் முடியாது என்றார். ஆறாததை எடுக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவருக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது.

சாவி கடைசியில் பையின் அடியில், கைக்குட்டைக்குள் இருந்தது. நீட்டினாள்.

அவள் விரல் படாமல் அதை வாங்கிக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.