இரண்டாவது மூஞ்சூறு

"ரெண்டும் ஒரே ஜாதிதாங்க தொரை! ஒரே குழியிலதான் புடிச்சேன். இதையாவது விட்டுருங்க!"

பங்களாத் தோட்டக்காரன் கந்தப்பன் கெஞ்சினான். முந்தாநாள் அவன் பிடித்துக் கொடுத்த மூஞ்சூறு, மேசைமேல் ஸ்பிரிட் போத்தலுக்குள் செத்துக் கிடந்தது. இன்னொன்று பெட்டிக்குள் கீச்சிட்டது.

சுதந்திரம் வந்த பிறகும் சீமைக்குப் போக மனமில்லாமல், பூச்சி புழு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார் அந்த வெள்ளைக்காரத் துரை. வளர்க்கத்தான் கேட்கிறார் என்று நம்பியது கந்தப்பனின் கெட்ட நேரம்.

அவன் மனைவி வேலாயிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், மூன்றாவதைச் சுமப்பவள். பிள்ளையார் வாகனத்தைப் புருஷனே சாகக் கொடுத்தால் எந்தத் தாய்க்குத்தான் பதறாது? துரை மறுபடியும் கேட்டு நேற்று பிடித்த இரண்டாவது மூஞ்சூறு, அவர் வட்டகொடை டவுனுக்குப் போயிருந்ததால், இரவெல்லாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர்கள் வீட்டில்தான் இருந்தது. அதை எப்படியும் காப்பாற்றுவதாக அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்திருந்தான்.

"பயப்படாதே கந்தப்பன். இந்த மலையில ரெண்டு ஜாதி இருக்கு. அண்ணன் தம்பி மாதிரி. ஜாதிக்கு ஒன்னு எனக்குப் போதும். இதுவும் அதேன்னா விட்டுறலாம்."

துரை கையுறை மாட்டிக்கொண்டு மூஞ்சூறைத் தூக்கினார். போத்தலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்.

"நகம் ஒரே மாதிரி. வாலும் அதே நீளம். மூக்கும் அப்படித்தான்."

கந்தப்பனுக்குப் போன உயிர் திரும்பியது.

துரை அதை ஜன்னல் வெளிச்சத்தில் மல்லாத்தினார். "பொறு! நெஞ்சைப் பாரு, மஞ்சள்! அது சாம்பல். இது வேற ஜாதி!"

கந்தப்பன் குனிந்து பார்த்தான். மஞ்சள்தான். குழியிலிருந்து எடுத்தபோது இல்லையே! சேறு மறைத்திருந்ததா, கண்தான் கெட்டுவிட்டதா? அதற்குள் துரை இன்னொரு போத்தலைத் திறந்துவிட்டார்.

லயத்து வாசலிலேயே வேலாயி காத்து நின்றாள்.

"விட்டுட்டாருங்களா?"

"இல்ல புள்ள. வேற ஜாதியாம். நெஞ்சு மஞ்சளா இருந்துச்சு. எனக்கு ஒரு எழவும் புரியல."

வேலாயி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அது பொழைக்கணும்னு பிள்ளையார வேண்டிக்கிட்டு, காலையில நாந்தாங்க அதுக்கு மஞ்சப் பூசிவிட்டேன்!"