கீழ்வீட்டுப் பாட்டில்கள்

தொட்டியில் ஒட்டியிருந்த வெப்பமானி முப்பத்திரண்டு காட்டியது.

நான்கு ஏஞ்சல் மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீர் சூடேறினால் அதில் மூச்சு இருக்காது.

அவர் தொட்டி விளக்கை அணைத்திருந்தார். மூடியைக் கழற்றியிருந்தார். இருக்கிற ஒரே மேசை விசிறியைத் தண்ணீரின் மேல் திருப்பி வைத்துவிட்டு, தான் வேர்வையில் உட்கார்ந்திருந்தார்.

மணி ஆறு ஆகட்டும்.

ஆனது. ஐஸ் உருகிப்போன இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் துண்டால் துடைத்து எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

அவரிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒண்டிக்கட்டைக்கு அது எதற்கு என்று இருந்துவிட்டார். மாற்றலாகிப் போன ஆபீஸ்காரர் ஒருவர் மீன்தொட்டியைத் தலையில் கட்டிவிட்டுப் போவார், வேலூர் வெயிலில் அதற்கு ஐஸ் தேடி அலைய வேண்டிவரும் என்று யார் கண்டது?

மாடியில் ஞானாம்பிகை வீடு. முட்டைகூட வாசற்படி ஏறாத சைவக் குடும்பம். முதல் நாள், "மீனுக்காக உங்க ஃப்ரீசர்ல கொஞ்சம் இடம் வேணும்" என்று கேட்டுவிட்டார் மனிதர். அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், உயிரோடு நீந்துகிற மீன், வைக்கப்போவது வெறும் தண்ணீர் பாட்டில் என்று விளக்கினார். அப்படியும் பாட்டிலில் 'மீன்' என்று எழுதினால் மாமியார் ஃபிரிட்ஜையே தெருவில் தூக்கி வைத்துவிடுவார். 'கீழ்வீடு' என்று எழுதி ஒட்டினாள்.

நான்கு பாட்டில்கள். இரண்டு மேலே உறையும். இரண்டு கீழே தொட்டியில் மிதக்கும். காலை ஆறு, மாலை ஆறு.

"என்ன சார், இன்னிக்காவது கீழ இறங்குச்சா அதுங்க?"

அவர் சொல்வார். வரிபோட்ட மீன் ஒரு வாய் தீனி எடுத்ததை. கறுப்பு, பாட்டிலைக் கண்டு பயந்து மூலையில் ஒண்டியதை. அவள் தன் பங்குக்கு மோட்டார் ஏர்லாக் ஆனதைச் சொல்வாள், மாமியார் மோருக்கு உப்புப் போதவில்லை என்று கோபித்துக்கொண்டதைச் சொல்வாள். இரண்டு நிமிடம். மிஞ்சினால் மூன்று.

காதல் கீதல் என்று யாரும் கற்பனையை ஓடவிட வேண்டாம். ஒரு மனிதக் குரல், அவ்வளவுதான். பத்திரப்பதிவு ஆபீசில் "சார், அந்த ஃபைல்" என்பதற்கு மேல் அவரிடம் யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தால் அதுவும் இல்லை. இந்தப் பதினெட்டு நாளில் பேசியதைப் போல் இரண்டு வருடமாக அவர் பேசியதில்லை.

படி ஏறும்போதே என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்வார். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் ஏழு நாள். ஊரே விரல் மடக்கி எண்ணியது. முடியக்கூடாதே என்று எண்ணியவர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு மழை பிடித்துக்கொண்டது.

தெருவே வெளியில் வந்து நின்று நனைந்தது. மொட்டை மாடியில் துணி எடுக்க ஓடும் காலடிகள். யாரோ "அப்பாடா!" என்று கத்தினார்கள்.

"பாழாப்போன மழை" என்றார் அவர். கேட்க மீன்களைத் தவிர ஆளில்லை.

விடிந்தும் மழை விடவில்லை. வெப்பமானியில் இருபத்தேழு. மீன்கள் அடியில் இறங்கிக் கூழாங்கற்களைக் கொத்திக்கொண்டிருந்தன. இதற்குத்தானே இத்தனை நாள் பாடுபட்டார்? ஆனாலும் சந்தோஷம் வரவில்லை.

காலை ஆறு மணிக்கு அவர் மேலே போகவில்லை. என்னவென்று சொல்லிப் போவது?

மேலேயிருந்தும் யாரும் வரவில்லை.

மத்தியானம், மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியைக் குடைந்தார். தொட்டியோடு வந்த ஹீட்டர் இருந்தது. வேலூரில் தண்ணீரைச் சூடாக்க ஒரு கருவியா என்று சிரித்துவிட்டுப் போட்டு வைத்தது. தொட்டிக்குள் இறக்கி ஸ்விட்சைத் தட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

முப்பத்திரண்டு ஆகட்டும். பொய் சொல்லாமல் படி ஏறலாம்.

வரிபோட்ட மீன் கண்ணாடியோரம் வந்து, அவர் முகத்துக்கு நேராக நின்றது. தீனி போடப்போகிறார் என்று நினைத்ததோ என்னவோ, துடுப்பை ஆட்டிக்கொண்டே நின்றது.

பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். தன்னிடம் பேச ஆளில்லை என்பதற்காக ஒரு வாயில்லா ஜீவனையா வேகவைப்பது? சீ, என்ன ஜென்மம்!

மாலை ஆறு மணி.

பாட்டில்களைத் துடைத்தார். படி ஏறினார். சாரலில் தோள் நனைந்தது.

ஞானாம்பிகை கதவைத் திறந்தாள். குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

"எவ்வளவு சார் காட்டுது?"

"முப்பத்திரண்டு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பாட்டில் மூடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மழையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"யாரும்மா, இந்த மழையில?" உள்ளேயிருந்து மாமியார்.

"கீழ்வீட்டு சார், அத்தை. கீழ இன்னும் சூடு குறையலையாம்."

உள்ளே போய், உறைந்த இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். உருகியதை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"அப்புறம் சொல்லுங்க, சார்."