வடை அண்ணா

அவன் சைக்கிளிலிருந்து இன்னும் இறங்கவில்லை.

“வடை அண்ணா! வடை அண்ணா!”

அணியின் பேருந்தைச் சுற்றிப் பெருங்கூட்டம். எல்லோர் கையிலும் போன்.

அவனுக்குப் பெயர் இருக்கிறது. ஆரூரன். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவன். பிரான்ஸின் தொழில்முறை சைக்கிள் வீரன்.

போன வருடம் ஒரு மலைப்பாதைப் பந்தயத்தில் பசி தாங்கவில்லை. வழியோரம் நின்ற தமிழ்க் குடும்பம் ஒன்று நீட்டிய வடையை வாங்கி, வாயில் திணித்துக்கொண்டே மிதித்தான். யாரோ படம்பிடித்துப் போட்டுவிட்டார்கள்.

இப்போது இணையத்தில் அவன் பின்னால் பத்து லட்சம் பேர்.

ஒரு பந்தயமும் அவன் வென்றதில்லை. அது யாருக்கும் வேண்டாம்.

இன்று வென்றது எதியென். அதே அணி. முப்பத்தைந்து வயதில் முதல் வெற்றி. நாள் முழுக்க எதியெனுக்கு முன்னால் ஓட்டி, எதிர்காற்றையெல்லாம் தன் நெஞ்சில் வாங்கியவன் ஆரூரன். தொண்டையில் இரத்தச் சுவை இன்னும் போகவில்லை.

எதியென் பூங்கொத்தோடு வந்தான்.

கூட்டம் வழிவிடவில்லை.

ஒரு பெண் ஆரூரனின் தோளை உரசிக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, இண்டைக்கு வெண்டது இவர்தான்.” ஆரூரன் எதியெனைக் காட்டினான்.

“ஓமே? நல்ல சந்தோசம். அப்ப அவரையே ஒரு படம் எடுத்துவிடச் சொல்லுங்கோ. நீங்கள் கொஞ்சம் சிரியுங்கோவன், தம்பி.”

எதியெனுக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய போன் புரிந்தது. பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எடுத்தான். இன்னொன்றும் எடுத்துக் கொடுத்தான்.

ஆரூரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்தான்.

படத்தில் அது சிரிப்பாக விழுந்திருக்கும்.

எதியென் நெருங்கி வந்து, காதோடு கேட்டான். “இனி என்னை அணியை விட்டு அனுப்பமாட்டார்கள், இல்லையா?”

அடுத்த வருடம் அணியில் ஒரே ஓர் இடம். இருவரில் ஒருவருக்கு.

காலையிலேயே மேலாளர் ஆரூரனை ஓரமாக அழைத்துப் போய், அது உனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

எதியென் இன்று வென்றால்? என்று கேட்டான் ஆரூரன்.

மேலாளர் தன் போனைத் தூக்கிக் காட்டினார். அதில் அந்தப் பத்து லட்சம்.

“என்ன, சொல்லு!” என்றான் எதியென்.

“எதியென்...”

“பொறு. முதலில் வீட்டுக்குச் சொல்லிவிடுகிறேன். அவள் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை.”

பூங்கொத்தை ஆரூரன் கையில் திணித்துவிட்டு, மனைவியை அழைக்கப் பேருந்தின் பின்பக்கம் ஓடினான். அந்தக் கால்களில் இன்னும் ஓட்டம் மிச்சமிருந்தது.

ஆரூரன் பூக்களோடு நின்றான்.

போன்கள் எல்லாம் ஒரேயடியாக உயர்ந்தன.

“எடுக்காதேங்கோ!” என்று கத்தினான். “இது என்ரை இல்லை!”

சிரித்தார்கள்.

அதையும் எடுத்தார்கள்.