நாற்பது முதுகுகள்

நாற்பது பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இதை வெட்டிடுப்பா" என்றார் இயக்குநர். எடிட்டிங் அறையில் அன்றைக்கு அதை அவர் சொல்வது நான்காவது முறை.

மலைகளுக்கு நடுவே, படகில் மட்டுமே போய்ச் சேரக்கூடிய ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே தனி மொழி பேசும் சின்னஞ்சிறு இனம். மூன்று வருடம் அவர்களோடு இருந்து ஆவணப்படம் எடுத்தவர், கிளம்பிய அன்று படகிலிருந்து எடுத்த கடைசி ஷாட் இது. கரையில் ஊரே நிற்கிறது. ஒருவர்கூட அவரைப் பார்க்கவில்லை.

ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று மனிதர் மருகிக்கொண்டிருந்தார். படத்தையே வெளியிட வேண்டாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். எட்டு மாதம் உட்கார்ந்து வெட்டி ஒட்டிய நான், அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

சப்டைட்டில் எழுத ஒரு பெண் வந்திருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவள், இங்கே நர்ஸ் வேலை. தட்டச்சு செய்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

"எங்க ஊர்ல விருந்தாளியைத்தான் சார் நின்னு பாத்து அனுப்புவோம். வீட்டு ஆளுன்னா திரும்பி நின்னுக்குவோம். எப்படியும் வரப்போறவங்கதானே."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் விடவில்லை.

"நீங்கதான் சார், ஆத்து வளைவு வரைக்கும் எங்களையே பாத்துட்டுப் போயிருக்கீங்க" என்று சிரித்தாள்.

ஷாட்டின் நீளத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். கேமரா கரையை விட்டு அசையவே இல்லை.

வெட்டவில்லை. படத்தை முதலில் அந்த ஊர்க்காரர்களுக்கே போட்டுக் காட்டுவதென்று கிளம்பினார். திரும்பும்போது கரையை இன்னொரு தடவை எடுத்து வாருங்கள், கடைசியில் சேர்த்துவிடலாம் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வந்தார். வெயிலில் கறுத்து, வாயெல்லாம் பல்லாக.

மெமரி கார்டைப் போட்டுப் பார்த்தேன். திரை கட்டுகிறார்கள், படம் பார்க்கிறார்கள், தங்களையே பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படகுத்துறை வருகிறது. அதோடு சரி.

எனக்குக் கோபம்தான். அடக்கிக்கொண்டு, இந்தத் தடவையும் எல்லோரும் திரும்பித்தான் நின்றார்களா என்று கேட்டேன்.

"தெரியலையேப்பா" என்றார். "நான் பாக்கல."