தடவிக் கொடுக்கும் உளி

அந்தக் கடைசல் பட்டறையில், தன்னைக் கடையப்போகும் உளியைக் கட்டையே தேர்ந்தெடுக்கலாம். பாயசக் கிண்ணமாகும் ஆசையோடு வந்திறங்கிய பலாக்கட்டைக்கு ஒரே ஒரு பயம்தான்.

"வலிக்குமா?" என்று கேட்டது.

"வலிக்கும். ஆனா சட்டுனு முடிஞ்சிடும்," என்றது அன்றைக்குத்தான் சாணை பிடித்த உளி.

"பேச்சைப் பாரு!" என்று முகம் சுளித்தது கட்டை.

பக்கத்திலிருந்த மழுங்கல் உளி குழைந்தது. "உன்னைப் போயி வெட்டுவேனா கண்ணு? சும்மா தடவிக் கொடுப்பேன்."

கட்டை அதற்கே தலையாட்டியது. கட்டை சுழலச் சுழல, மழுங்கல் உளி சிம்பு சிம்பாகப் பிய்த்தெடுத்தது. பிய்ந்த இடத்தையெல்லாம் கூர் உளி வந்து சீவித் தள்ளியபோது, மிஞ்சியது ஓர் உப்புக் கிண்ணம்.

"இப்பவாவது புரிஞ்சுதா?" என்றது கூர் உளி.

"அதெல்லாம் சரி," என்றது உப்புக் கிண்ணம். "அந்த அண்ணன் மாதிரி தன்மையாப் பேச உனக்கு வருமா?"