பொய்த்த வியாழன்

"மழை அண்ணன் வீடு இதானாம்மா?"

வாசலில் பெண்குரல் கேட்டதும் பாண்டிதுரை சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் நுழைந்து, சிலிண்டருக்குப் பக்கத்தில் பதுங்கிக்கொண்டார்.

"இல்லைன்னு சொல்லிரு. ஆலங்குளத்துக்கு டிஷ் மாட்டப் போயிருக்கேன்னு சொல்லு."

மனைவி பானுப்பிரியா இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எவன் டிஷ் மாட்டுவான்? வேலையை மட்டும் பாத்திருந்தா இப்பிடி எலி மாதிரி அடுப்படியில ஒளியணுமா?"

ராஜபாளையத்தில் வீடு வீடாக டிஷ் ஆன்டெனா மாட்டுவதுதான் அவர் பிழைப்பு. நாள் பூராவும் மொட்டைமாடியில் நிற்கிறவருக்கு மலையும் வானமும்தானே கண்ணில் படும்? பதினைந்து வருஷத்தில் ஒவ்வொரு மேகத்துக்கும் ஒரு பெயர் வைத்து, அதன் குணத்தையும் படித்து வைத்திருந்தார். குதிரைவால் மேகம் வந்தால் இரண்டு நாள் பொறுத்துத்தான் மாற்றம். பஞ்சுப்பொதி சும்மா ஊர் சுற்றும், காசுக்கு ஆகாது. மத்தியானத்துக்கு மேல் மலைக்குப் பின்னால் தலை தட்டையாக, கொல்லன் பட்டறைக்கல் போல எழும்பினால் இடியும் மழையும் நிச்சயம். ஞாயிறுதோறும் ஆறு மணிக்கு 'வர்ற ஏழு நாள் வானம்' என்று வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவார். எழுநூறு பேர் கேட்டார்கள். மூன்று வருஷம் மரியாதையாகத்தான் போனது.

போன வாரம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை காலையிலயே மலையடிவாரம் பூராவும் பேய்மழை. தோப்பு, தொரவுன்னு யாரும் போயிராதீக" என்று அடித்துச் சொல்லிவிட்டார். வியாழனன்று ஒரு சொட்டு விழவில்லை. இருந்த மேகத்தையும் காற்று கேரளாப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வெளுக்கிறவர்கள் அன்று துணியே காயப்போடவில்லை. புதுப்பட்டிக் கண்ணுச்சாமி, வந்த அறுப்பு மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டார். 'குடையைப் பிடிச்சிட்டு வெயில்ல நிக்கேன், மழை எங்கவே?' என்று குழுவில் கேட்காத ஆள் இல்லை. மூன்று நாளாகப் பாண்டிதுரைக்குச் சோறு இறங்கவில்லை. இன்று ஆறு மணிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குழுவையே கலைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். இப்போது மணி ஐந்தே முக்கால். அதற்குள் வீடு தேடியே வந்துவிட்டார்கள்.

"உள்ளதான் ஒளிஞ்சிருக்காக, வாங்க" என்று காட்டிக் கொடுத்துவிட்டாள் பானுப்பிரியா.

வேறு வழியில்லாமல் வெளியே வந்தார். நாற்பது வயதுக்காரி ஒருத்தி, தலையில் முக்காடு, கையில் கனமான கட்டைப்பையோடு நின்றாள்.

"எம்பேரு நூர்பானுண்ணே. செண்பகத்தோப்புப் பக்கம். எங்க வீட்டுக்காரரு அய்யூப்பு அங்க மாந்தோப்பு குத்தகை எடுத்திருக்காக. ஒங்க பேச்சைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாக. நீங்க சொன்னீகன்னு வியாழக்கிழமை தோப்புக்கே போகல."

"காய் பறிக்கிற நேரமாச்சே தங்கச்சி!"

"ஆமாண்ணே, அன்னைக்குத்தான் பறிக்கணும்னு இருந்தாக. ஒத்தையிலதான் போவாக. போன் கூட எடுக்காத எடம். நீங்க சொல்லலைன்னா விடியக்காலையே கெளம்பியிருப்பாக."

பாண்டிதுரை நாக்கைக் கடித்துக்கொண்டார். நூர்பானு விடுவதாக இல்லை.

"எங்க வீடு ஓடைக்கு அந்தப் பக்கம்ணே. மலையில மழை பெஞ்சா தரைப்பாலம் முங்கிரும், ஈ காக்கா அண்ட முடியாது. ரெண்டு நாளைக்கு அரிசி பருப்பு வாங்கி வச்சிட்டு, ஆடு கோழியெல்லாம் அடைச்சுப் போட்டுட்டு வானத்தையே பாத்திட்டு இருந்தோம். பத்து மணிக்குப் பாத்தா மண்டையைப் பொளக்குற வெயிலு!"

"போதும்மா." கையெடுத்துக் கும்பிட்டார். "எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். மேகம் என்னை ஏமாத்திருச்சு. இன்னையோட இந்தச் சோலியே வேண்டாம், குழுவைக் கலைச்சிர்றேன்."

"யா அல்லா! அப்பிடிச் செஞ்சிராதீகண்ணே. மணி ஆறாகப் போவுது, அண்ணன் பேசுவாருன்னு அவிய போனைக் கையில வச்சிட்டுக் காத்துட்டு இருக்காக."

இன்னும் ஏசுவதற்குத்தான் காத்திருக்கிறார் போல என்று பாண்டிதுரை நினைத்தார். நூர்பானு பையை அவர் முன்னால் வைத்துத் திறந்தாள். உள்ளே மஞ்சளும் பச்சையுமாகச் சப்பட்டை மாம்பழம். வாசம் வீடு முழுக்க ஏறியது.

"தோப்புல மொதப் பறிப்பு, நேத்துதான் ஆள் விட்டுப் பறிச்சது. யாருக்கும் குடுக்காம அண்ணனுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லி அனுப்புனாக."

"எனக்கு எதுக்கு தங்கச்சி? நான் சொன்ன மழைதான் வரலையே!"

"வரலைல்ல, அதுக்குத்தாண்ணே!" நூர்பானு முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்குப் பத்தரைக்கு அவிய நெஞ்சைப் பிடிச்சிட்டுச் சாஞ்சிட்டாக. போன் போட்ட கால் மணி நேரத்துல நூத்தியெட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. இங்கன ராஜபாளையத்து ஆஸ்பத்திரியிலதான் படுத்திருக்காக. செத்த நேரம் பிந்தியிருந்தா கஷ்டம்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. நீங்க மழைன்னு சொல்லலைன்னா தோப்புல கேக்க நாதியில்லாமக் கெடந்திருப்பாக. நீங்க சொன்னபடி பெஞ்சிருந்தா, ஆம்புலன்சு அந்த ஓடையைத் தாண்டியிருக்காதுண்ணே!"