ஒரே ஒரு மரம்

மரம் வெட்டும் ஒப்பந்தக்காரனான தம்பிக்குச் செருப்பைக் கழற்றும்வரைகூடப் பொறுக்கவில்லை.

“அக்கா, உன் பூச்சித் தெருவைக் காப்பாத்திட்டேன்! வரிசையா அத்தனை மரத்தையும் சாய்க்கச் சொன்னாங்க. அதிகாரிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு மரத்தோட முடிச்சிட்டேன்.”

அக்கா பூச்சிகளை ஆராய்பவள். அரிசி மணியைவிடச் சின்னதான ஓர் அந்துப்பூச்சியை அந்தத் தெருவில்தான் கண்டுபிடித்திருந்தாள். அதன் புழு இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டி வளரும். உலகில் வேறெங்கும் அதை யாரும் பார்த்ததில்லை.

“வயித்துல பால் வார்த்தேடா! எந்த மரம் போச்சு?”

“அது நோஞ்சான் மரம்க்கா. இலை பூரா வெள்ளை வெள்ளையாக் கிறுக்கல். எந்தப் புண்ணியவானோ ஏற்கெனவே சிவப்பு நாடா கட்டி வெச்சிருந்தான். வெட்டற மரத்துக்குத்தானே அதைக் கட்டுவாங்க? எனக்கு வேலை சுலபமாப் போச்சு.”

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளை அக்கா பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து, பாதி தீர்ந்த சிவப்பு நாடாச் சுருளை மேசைமேல் வைத்தாள்.

“அந்தப் பூச்சி இருந்ததே அந்த ஒரு மரத்துலதான்டா. யாரும் தொட்டுடக் கூடாதுன்னு நான்தான் கட்டினேன்.”